பேகம்பேட்டில் மேடையை விட்டு இறங்கிய ஜாஸ்

2007 ஜனவரியில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்ப, நான் ஒரு டிரம்பெட்டைக் கேட்க ஹைதராபாத் போகிறேன் என்றேன். "பிரியாணிக்குப் போறேன்னு சொல்லு, நம்பறோம்" என்றார்கள். நண்பர் ஒருவர் எம்பி3 கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் சாம்சன் என்ற செகந்திராபாத் தமிழர் டிரம்பெட்டில் ஜாஸ் வாசித்திருந்தார். அதைக் கேட்டபடி பஸ்ஸில் போய், என் நிறுத்தம் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கியவள் நான். சாம்சனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஞாயிறு மாலை கச்சேரி இருக்கிறது, மதியம் ஒத்திகைக்கே வந்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொருவராக அதைத் தங்கள் கற்பனைக்கு ஏற்ப விரித்து வாசிப்பார்கள். நம் ஆலாபனைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் சனி மாலை ரயில், படுக்கை வகுப்பு 280 ரூபாய். ஞாயிறு காலை ஏழரைக்கு செகந்திராபாத். ஸ்டேஷன் எதிரே லாட்ஜில் 350 ரூபாய்க்கு அறை எடுத்துக் குளித்து, ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தார்நாகாவுக்கு ஆட்டோ பிடித்தேன். நூறு கேட்டார், நாற்பதுக்கு வந்தார். மீட்டர் போடுங்கள் என்றதற்கு, "மீட்டர் கைக்கு மேடம்? மைன் ஹூன் நா!" என்றார். மீட்டர் எதற்கு, நான் இருக்கிறேனே என்று அர்த்தம். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சாம்சன் வீடு ஒரு மாடிப் போர்ஷன். தாத்தா காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த குடும்பம். "வாங்க தங்கச்சி, டீ குடிக்கியளா?" என்று அவர் மனைவி எஸ்தர் அக்கா கேட்டபோது இது ஹைதராபாத்தா என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. அக்காவுக்கு வங்கியில் வேலை. சாம்சன் சர்ச்சில் டிரம்பெட் கற்று, பிறகு எட்டு வருடம் மென்பொருள் நிறுவனத்தில் இருந்து, போன ஜனவரியில் வேலையை விட்டவர்.

"ஒரு வருஷம்தான்னு சொல்லிட்டேன்" என்றார் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. "இன்னைக்கு வாசிக்கிற ஹோட்டல்ல மாசாமாசம் கூப்பிட்டா சரி. இல்லன்னா நாளைக்குக் காலைல பழைய ஆபீஸ்ல சேரணும். அவுகளும் வரச் சொல்லியாச்சு."

சாம்சன் தலையை ஆட்டினார். "ஹவ், ஆமா. பேச்சு பேச்சுதான்."

மதியம் ஒத்திகைக்கு எல்லோரும் வந்தார்கள், சாம்சனோடு சேர்த்துக் குழுவில் ஏழு பேர். மூன்று பேர் கல்யாண பேண்டுக்காரர்கள். சாக்ஸபோன் வாசிக்கும் யாதகிரி இருபது வருடமாக மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்னால் நடப்பவர். மற்ற நால்வரும் படித்துவிட்டு ஜாஸுக்கு வந்தவர்கள். சாம்சனின் சட்டம் ஒன்றுதான்: குழுவில் சேர வேண்டுமானால் ஒரு கல்யாண சீசன் முழுக்க யாதகிரியோடு சிவப்புக் கோட்டு போட்டு ரோட்டில் வாசித்துவிட்டு வர வேண்டும். குதிரை மிரளும், லாரி ஹாரன் அடிக்கும், மாப்பிள்ளையின் மாமா குறுக்கே விழுந்து ஆடுவார். எதற்கும் பாட்டு நிற்கக் கூடாது. சாம்சனே அப்படிப் போனவர்தான். ஒருமுறை ஊர்வலம் அவருடைய பழைய ஆபீஸ் வாசலைத் தாண்டியதாம். "என் மேனேஜர் என்னை அடையாளம் கண்டுக்கிட்டு ஆடவே ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தார்.

யாதகிரிக்கு ஒரே சிக்கல்தான். உட்கார்ந்தால் அவருக்கு வாசிப்பு வராது. ஆறு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து பழகியிருந்தார்.

மாலை ஏழு மணிக்கு நானும் அக்காவும் போய் உட்கார்ந்தபோது பேகம்பேட்டில் ஹோட்டல் கூடம் நிரம்பியிருந்தது. சாப்பாட்டோடு நுழைவு 300 ரூபாய். முதல் அரைமணி நேரம் முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவில்தான் ஜாஸ். எனக்கே எரிச்சலாக இருந்தது, வாசிப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் யாதகிரியின் முறை வந்தது. கண்ணை மூடி வாசித்தார். சுருதி ஏற ஏற எழுந்து நின்றார். பிறகு மேடைப் படியில் இறங்கி, மேஜைகளுக்கு நடுவே, வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்! ஊர்வலத்தில் முன்னால் போகிறவர் நகர்ந்தால் பின்னால் இருப்பவர்கள் நகர வேண்டும், இருபது வருடப் பழக்கம். டிரம்மைத் தோளில் மாட்டியிருந்தவரும் இன்னொருவரும் யோசிக்காமல் பின்னால் போய்விட்டார்கள். கூடம் சிரித்தது. வயரில் மாட்டிய கிடாரோடு நகர முடியாமல் கிடார்க்காரர் திருதிருவென விழித்தார். ஹோட்டல் மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

யாதகிரியைச் சாம்சன் கூப்பிட்டு உட்காரவைப்பார் என்று நினைத்தேன். சாம்சன் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார், மேடையை விட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போர்டிகோவில் யாதகிரி ஒரு வரி கேட்க, சாம்சன் வாசலுக்குள்ளிருந்து பதில் சொன்னார். சாப்பிட்டவர்கள் தட்டோடு வெளியே வந்தார்கள். டிரைவர்களும் செக்யூரிட்டிகளும் சேர்ந்தார்கள். ஊர்வலம் கேட்டைத் தாண்டியது, மெயின் ரோட்டில் ஸ்கூட்டர்கள் நின்றன. பக்கத்து விமான நிலையத்துக்கு விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்து இறங்கியது. சாம்சன் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து அது தாண்டும்வரை விடவில்லை. சத்தம் அடங்கியபோது அந்த ஸ்வரம் மட்டும் அப்படியே நின்றது. இத்தனை பெரிய ஒன்றை அந்த மனிதர் ஒரு வருடமாக மாடிப் போர்ஷனில் பூட்டி வைத்திருந்தார்!

எல்லாம் முடிந்ததும் மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொன்னார். விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், இது எங்களுக்குச் சரிப்படாது என்று. யாதகிரி கூனிக் குறுகி, "மாஃப் கரோ சார், கால் தன்னால போயிருச்சு" என்று தெலுங்கிலும் உருதுவிலும் கலந்து மன்னிப்புக் கேட்டார். "கைக்கு மாஃபி? மன்னிப்பு எதுக்கு?" என்று அவர் தோளைத் தட்டினார் சாம்சன். எங்கள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அக்கா ஆட்டோ கூப்பிடப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரியில் குளிர் அதிகமில்லை, ஒரு சால்வை போதும். செகந்திராபாத்திலிருந்து பேகம்பேட் நான்கு கிலோமீட்டர்தான், பஸ்ஸே நிறைய உண்டு. இசை கேட்கப் போகிறீர்களென்றால் ஹீல்ஸ் வேண்டாம். நான் பட்டது போதும்.

திங்கள் காலையைச் சொல்லாமல் விட்டால் சாமி குத்தம். விடைபெற தார்நாகா போனேன். சாம்சன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையோடு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டிய?"

"ஆபீஸுக்கு. சொன்ன சொல்லு..."

"சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்ப மாத்துறதும் நான்தான். ஆபீஸ் நக்கோ, வேணாம்" என்றார் அக்கா. "அந்த யாதகிரி ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டாரு. போன் போட்டு வரச் சொல்லுங்க. நாற்காலிய மட்டும் எடுத்து உள்ள போட்டுருங்க."

சாம்சன் ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானும் கூடவே இறங்கினேன். தெருமுனை வருவதற்குள் மாடியிலிருந்து டிரம்பெட் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நடை மட்டும் தாளத்துக்கு வந்துவிட்டது.