சித்திரையில் யார் கீழே போவார்கள்?

பங்குனியில் ஒரு நாள் காலை என் தையல் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். நாகமணி அக்காவின் கம்பளிக் கடை பூட்டியே இருந்தது. எங்கள் குன்னூர்த் தெருவில் எனக்கு முன்னால் கடை திறக்கிற ஒரே ஆள் அவர்தான். காய்ச்சலோ என்று நினைப்பதற்குள் அவருடைய மருமகன் மேட்டுப் படிகளில் இறங்கி வந்தார். "அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க, சாந்தியக்கா" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் "புதுசா நூல் வந்திருக்குது. நாளைக்கு வந்து கலரப் பாத்துச் சொல்லோணும், மறந்துராத கண்ணு" என்று எனக்கு வேலை வைத்துவிட்டுப் போனார். அப்படிச் சொன்ன மனுஷி இப்படியா கிளம்புவது? தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கும்போதுதான் அழுதேன்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு, அவர் பின்னிய ஸ்வெட்டர்களைவிட அவர் கேட்ட கேள்விகள்தான் அதிகம் ஞாபகம் இருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் "ஊட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று எல்லோரும்தான் கேட்கிறோம். "நல்லாருக்காங்க" என்றதும் விலை பேசப் போய்விடுகிறோம். அக்கா விடமாட்டார். "எல்லாரும்னா ஆரு ஆரு?" என்பார். மாமனார் எழுந்து நடக்கிறாரா, அவரைக் குளிக்க வைப்பது யார், முன்பெல்லாம் கோயிலுக்கு வருகிற பெரியம்மா ஏன் இப்போது கண்ணில் படுவதில்லை, எல்லாம் கேட்பார். பாதிப் பேருக்கு எரிச்சலாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் 'வம்பு நாகமணி' என்பார்கள். அது அவர் காதுக்கும் வரும். "சொல்லிட்டுப் போறாங்க, உடு. வயசானவங்களுக்கு ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேக்கறது வம்புன்னா, நான் வம்புக்காரிதான்" என்பார். அப்படிக் கேட்பதற்கு என்ன காரணம் என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "காரணம் இருந்தாத்தான் கேக்கோணுமா?" என்று என்னையே மடக்கிவிட்டார்.

பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் பின்ன வேண்டுமென்றால் நேரில் அளவெடுக்காமல் ஊசியைத் தொடமாட்டார். பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து இதே அளவு போதும் என்றால் நடக்காது. "ஆளக் கூட்டிட்டு வாங்க. முடியாதுன்னா நான் வாரேன்" என்பார். அப்படித்தான் கேத்தியில் காரட் விவசாயம் செய்யும் ஒரு குடும்பத்துக்குப் போனார். கையைத் தூக்கச் சொல்லி டேப்பை வைத்தபோது, அந்த அம்மாவின் இரண்டு கைகளிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. எப்படி ஆனது என்று கேட்டதற்கு அந்த அம்மா பதில் சொல்லாமல் மருமகள் ரேவதியின் முகத்தைப் பார்த்தார். அக்கா திரும்பி வந்ததும் முதியோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கண்டதைச் சொல்லிவிட்டார். அதிகாரி போய்ப் பார்த்தார், டாக்டரிடமும் விசாரித்தார். இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையால் தோலுக்கடியில் ரத்தம் கட்டுகிறதாம். லேசாகப் பிடித்தாலே கன்றிப் போகுமாம். ரேவதி மாமியாரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அந்த அம்மாவுக்குக் காது மந்தம், எதற்கும் மருமகள் முகத்தைப் பார்ப்பது பழக்கம், அவ்வளவுதான்.

புகார் சொன்னது யார் என்று அதிகாரி வாயைத் திறக்கவில்லை. அக்காவே பஸ் ஏறிப் போய்ச் சொன்னார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரேவதி எங்களை வாசலில் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா கைகூப்பி நின்றார். "நான் கேட்டது தப்பில்லீங்க. உங்கள அப்படி நெனச்சதுதான் தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றார். வீட்டுக்குள் கட்டிலில் இருந்த மாமியாருக்கு அந்தச் சத்தம் எட்டியிருக்க வேண்டும். என்ன தகராறு என்று கேட்டு, மருமகள் காதருகே போய்ச் சொன்னதும், "அவங்கள உள்ள கூப்புட்டுக் காப்பி குடு. நான் எப்படி இருக்கேன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு பஸ் ஏறி வந்திருக்குது" என்றார். காப்பி வந்தது. கிளம்பும்போது இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு முட்டைக்கோஸ்கூடக் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை. "இனிமேலாவது வாய வெச்சுட்டுச் சும்மா இருங்கக்கா. மானம் போகுது" என்றேன். மடியில் இருந்த கோஸைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "தப்பாக் கேட்டுட்டா மன்னிப்புக் கேட்டுக்கலாம் கண்ணு. கேக்காமயே உட்டு, அவங்க போய்ச் சேந்துட்டா, அப்புறம் ஆருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறது?"

இனி ராமையா ஐயா விஷயம். தெருவில் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். உடன் இருந்தவள் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

ராமையா ஐயா இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். இங்கே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மனைவி இறந்தபின் மகன் பிரபுவோடு எங்கள் தெரு முனையில் இருந்தார். மூடுபனி விலகியதும் எங்கள் கடைகளுக்கு எதிரே உள்ள குட்டைச் சுவரில் வந்து உட்கார்ந்து வெயில் காய்வார். தலையில் அக்கா பின்னிக் கொடுத்த பச்சைக் குல்லா இருக்கும். எங்களை "மகள், மகள்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு வருஷம் தீபாவளி கழிந்ததும் அவரைக் காணவில்லை. "பனி தாங்க மாட்டேங்கறாருங்க. கீழ காரமடையில அக்கா ஊட்டுல உட்டிருக்கேன்" என்றான் பிரபு. மலையில் இதைவிடச் சாதாரணமான பதில் கிடையாது. உறைபனிக் காலத்தில் முக்கால்வாசி வீட்டுப் பெரியவர்களைக் கீழே சமவெளிக்கு அனுப்பத்தான் செய்கிறோம். நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினோம்.

பனி போனது, பங்குனி போனது. கீழே போனவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்துவிட்டார்கள். சித்திரை பிறந்து சீசன் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது. பிரபு வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றிப் பெயின்ட் அடித்திருந்தான், வாசலில் எப்போதும் வெளியூர்க் கார் நின்றது. ஒரு நாள் அக்கா பின்னிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எதிர்ச் சுவரையே பார்த்தார். "ஏன் சாந்தி, பனிக்குக் கீழ போனவரு சித்திரை வெயிலுக்கும் அங்கயேவா இருப்பாரு? காரமடையில இருக்கறவங்களே மேல ஓடியாராங்க. சித்திரையில ஆரு கீழ போவா?" என்றார்.

பிரபுவின் அக்கா சுமதியின் கல்யாண ரவிக்கை தைத்தவள் நான். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு நாகமணி அக்கா பேசினார். நலம் விசாரித்துவிட்டு, "அப்பா எப்படி இருக்காரு?" என்றார். சுமதி, "அங்க அவர நீங்க பாக்கறதில்லீங்களா? காது சுத்தமாக் கேக்கலை, போன்ல பேச மாட்டாருன்னு தம்பி சொன்னானே" என்றாள். அவள் வீட்டிலும் இல்லை, சுவரிலும் இல்லை. மனுஷன் எங்கே?

நான் கிளம்பிவிட்டேன், பிரபு வீட்டுக் கதவை இடிக்க. அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நாம போயிச் சத்தம் போட்டா அவன் உசாராயிருவான். அவர வேற எங்கயாச்சும் கொண்டு போயிட்டான்னா அப்புறம் ஆரு தேடறது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுவோம்" என்றார். உதவி எண்ணுக்குச் சொன்னார். நேரில் காவல் நிலையத்துக்கும் கிளம்பினார். அதற்குள் விஷயம் கசிந்து, வியாபாரிகளில் ஒருவர் வழி மறித்தார். "ஏனுங்க நாகமணி, சீசன் நேரத்துல தெரு பேரக் கெடுக்கோணுமா? கேத்தியில பட்டது பத்தலீங்களா?" அக்கா நின்று பதில் சொன்னார். "அங்க நான் நெனச்சது தப்புத்தானுங்க. போயி மன்னிப்புக் கேட்டேன். இங்கயும் தப்பா இருந்தா பிரபு கால்லயே உழுகறேன். இப்ப வழிய உடுங்க." அவரும் வழியை விட்டார்.

போகிற வழியில் எனக்கு ஒரே ஒரு பாடம் நடத்தினார். "பாத்தத மட்டும் சொல்லு. நெனச்சத, அவங்க கேட்டாச் சொல்லு." நிலையத்தில் அப்படித்தான் பேசினார். தீபாவளிக்கு அப்புறம் ஆளைப் பார்க்கவில்லை, மகன் சொன்னது இது, மகள் சொன்னது இது. ஒரு வார்த்தை கூட்டவில்லை. அங்கிருந்த பெண் போலீஸ் சுமதிக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டு உடனே எழுந்தார். சமூக நலத் துறையிலிருந்தும் ஒரு அம்மா வந்து சேர்ந்துகொண்டார்.

அவர்களோடு நாங்களும் போனோம். பிரபு வீட்டு முன்பக்கம் விருந்தாளிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகை. வெளியே தாழ்ப்பாள். திறந்ததும் வந்த நாற்றத்தில் நான் பின்வாங்கினேன், அக்கா உள்ளே போனார். சாக்கு மேல் ராமையா ஐயா கிடந்தார். முதுகெல்லாம் புண். உடம்பு பாதியாகியிருந்தது. பச்சைக் குல்லா மட்டும் தலையில் அப்படியே இருந்தது. அக்காவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "மகள், கொஞ்சம் வெயிலுக்குக் கூட்டிப் போறியா?"

பிரபு ஓடிவந்தான். "சோறு போட்டுட்டுத்தானே இருந்தேன்! படுக்கையில நனைச்சிடறாரு. வர்றவங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க. நான் என்ன பண்றது?" என்றான். அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. பெண் போலீஸ் அவனை வெளியே நிறுத்திவிட்டார். "இத்தனை நாளும் ஏன் ஐயா சத்தம் போடல?" என்று நான் கேட்டேன். "சத்தம் கேட்டா வந்தவங்க போயிருவாங்கன்னு மகன் சொன்னான். அவன் பிழைப்பு கெட்டுப்போகுமே மகள்" என்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனை ஒன்றும் செய்துவிடாதீர்கள், நான் புகார் தரமாட்டேன் என்று அழுதார். அக்கா கலங்கவில்லை. "உங்க மகன நான் ஒண்ணும் பண்ணலீங்க. உங்களத் திரும்ப அந்தக் கொட்டாய்க்குள்ள உடமாட்டேன். அவ்வளவுதான்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து அவரை வெயிலில் உட்கார வைத்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி இருந்தார்.

ஆஸ்பத்திரியில் புண் ஆற வெகு நாள் ஆனது. எங்கே இருக்க ஆசை என்று சமூக நலத் துறை அம்மா அவரைத் தனியாக வைத்துக் கேட்டார். மகள் சுமதியோடு என்றார். பிரபு விசாரணைக்கு அலைந்தான். இன்றைக்கும் எங்கள் கடைப் பக்கம் பார்க்காமல்தான் போகிறான், போகட்டும். ஐயா பனிக்காலத்தை நிஜமாகவே காரமடையில் கழிப்பார். சித்திரை பிறந்ததும் சுமதி அவரை மேலே கூட்டி வருவாள், சுவரில் உட்கார வைப்பாள். அக்கா கடையை விட்டு இறங்கி வந்து, "வந்துட்டீங்களா?" என்பார். "வந்துட்டேன் மகள்" என்பார் அவர். வருஷா வருஷம் இதே பேச்சுதான், அலுக்கவே அலுக்காது.

அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்த கூட்டத்தில் ரேவதியும் இருந்தாள். மாமியார் முந்தின வருஷமே தவறிவிட்டாராம். "அவங்க படுக்கையில இருந்த கடைசி மாசம், வாரா வாரம் போன் பண்ணி 'மாமியா சாப்புட்டாங்களா, நீ சாப்புட்டியா'ன்னு கேட்டது இவங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி அழுதாள். இரண்டாவது கேள்வி எனக்குப் புதிதில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர் படுத்திருந்த நாட்களில் என்னிடமும் கேட்பார். முதியவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் ஒருத்தர் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

போன வாரம் சுமதி அப்பாவைக் கூட்டி வந்தாள். அக்கா இறந்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரில் உட்கார்ந்ததும் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு, "மகள் நாகமணி எங்க?" என்றார். சுமதி பதறிப்போய், "கீழ போயிருக்காங்கப்பா, சொந்தக்காரங்க ஊட்டுக்கு" என்றாள். நல்லெண்ணத்தில் சொன்ன பொய்தான். பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சித்திரையில யாரு கீழ போவா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போய்ப் பாத்தியா மகள்?"

அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பாத்தேனுங்க ஐயா. அக்கா செத்துப் போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. எடுக்கற வரைக்கும் நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ பாத்தியில்ல, சரி" என்றார்.

அக்காவின் மகள் எனக்கு ஞாபகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஊசியும் நூலும் எனக்கு எதற்கு, பின்னத் தெரியாதவள் நான். அவருடைய அந்தச் சித்திரைக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். இந்தத் தெருவில் ஒருவரைக் காணாமல் நான் விசாரிக்க, அவர் கீழே போயிருப்பதாக இனி யாராவது என்னிடம் சொன்னால், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.