யானைக்குச் சொன்ன சொல்

“…அவ தண்ணிக்குள்ள படுத்தா, இதாலயே எனக்கு அடியுங்கோ!” என்று சொல்லித் தன் அங்குசத்தை அந்தச் சிங்களத் தகப்பனின் கையில் திணித்தார் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த சகோதரர். கிண்ணியாவில் யானை பிடித்துப் பழக்கும் பணிக்கர் குடும்பத்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், கந்தளாய்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பிள்ளையை விகாரையில் துறவியாக்கும் விழாவுக்குத் தன் பெண் யானையைக் கொண்டுபோனார். தழை சுமக்கும் சாட்டில் நானும் போனேன். இளவரசன் மாதிரி உடுத்தி யானைமேல் ஏற்றிய பிள்ளையின் கால், விகாரை வாசல்வரை மண்ணில் படக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நேரமும் குறித்தாயிற்று. மேளம் முன்னால் போகிறது. வாய்க்காலுக்கு மேலிருந்த மரப்பாலத்தில் யானை முன்காலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தது, பின்வாங்கி நின்றுவிட்டது.

“அடிச்சு ஏத்துங்க பணிக்கர், நேரம் போகுது!” என்று பிள்ளையின் தகப்பன் பதறினார்.

“பலகை தாங்காது எண்டு அவ சொல்றா. அவ சொன்னாச் சரி. தண்ணியால போவம்.”

“தண்ணியக் கண்டா ஆனை படுத்திருமே! மேல என்ட புள்ள!”

அப்போதுதான் அந்த அங்குசம் கைமாறியது.

மச்சான் வெறுங்கையோடு இறங்கினார். யானையின் காதைப் பிடித்தபடி, “இப்ப வேணாம் மகள், பொறகு,” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நடு வாய்க்காலில் அதன் முன்கால்கள் மடியத் தொடங்கின. கரையில் மேளம் நின்றது. “மகள்!” என்றார், ஒரே தடவை. அது நிமிர்ந்து நடந்தது. பிள்ளையின் பட்டில் ஒரு துளி ஈரமில்லை.

இப்போது அங்கே கொங்கிறீட் பாலம். பஸ் அதில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. “அவர் என்ட மச்சான்” என்று முடிக்கையில் குரல் தானாக உயரும். “அவவுக்குப் பொய் சொல்லி ஒரு நாளைக்குத்தான் வேலை வாங்கலாம்,” என்பார் மச்சான். அதைச் சும்மா பேச்சென்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அன்று பிள்ளை விகாரைக்குள் போனதும் தகப்பன் இரண்டு கையாலும் அங்குசத்தை நீட்டி, இருக்கச் சொல்லிப் பந்தலில் முன் கதிரையைக் காட்டினார். “ஒரு வேலை கிடக்கு, வாறன்,” என்ற மச்சான், யானையை வந்த வழியே வாய்க்காலுக்குத் திருப்பினார்.

“இப்பப் படு மகள்,” என்றார். பிறகு ஈரச் சாரத்தை மடித்துக் கட்டி, தானும் இறங்கி, அது போதுமென்று எழும்பும்வரை தேங்காய்ப் பொச்சு நாரால் முதுகைத் தேய்த்துவிட்டார்.