புதன்கிழமை வேன்

மலேசியாவில் சிகாமட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தில்தான் எங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியையும் இப்படித்தான், பிள்ளைகள் போதாது என்று சொல்லி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறது. அதனால் புதிதாக வந்த தலைமையாசிரியர் புதன்தோறும் மதியத்துக்கு மேல் என் மகள் உட்படச் சில பிள்ளைகளைத் தன் வேனில் டவுன் பள்ளிக்கு அழைத்துப்போக ஆரம்பித்ததும் எனக்கு மனசே சரியில்லை.

“விளையாடத்தான் கூட்டிட்டுப் போறாரு. நல்ல மனுஷன்லா,” என்றார் என் வீட்டுக்காரர்.

“நல்ல மனுஷன் எதுக்குச் சொந்தக் காசுல வேனுக்கு எண்ணெய் ஊத்தணும்?”

“சர்ச் பாதர் சிரிச்சாக்கூட உனக்குச் சந்தேகம்தான்.”

செபமாலை சொல்லும்போதும் அந்த வேன்தான் கண்ணில் நின்றது. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு புதன்கிழமை மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

டவுன் பள்ளித் திடலில் என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். உடம்பில் பச்சை ஜெர்சி, முதுகில் டவுன் பள்ளியின் பெயர். நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன்.

“என்ன சார் இது? பள்ளிய மூடறதுக்கு முன்னாடியே சட்டைய மாத்திட்டீங்க?”

“ஐயோ அக்கா, வலைப்பந்துக்கு ஏழு பேரு வேணும். நம்ம பள்ளியில விளையாடற வயசுல மூணு பொண்ணுங்கதான். இவங்களோட சேந்தாத்தான் ஆடவே முடியும்.”

“சத்தியமா?”

“முருகன் மேல சத்தியம். போதுமா?”

“போதாது சார். நம்ம பள்ளிய மூட மாட்டாங்கன்னும் சேத்துப் பண்ணுங்க.”

சிரித்துக்கொண்டிருந்தவர் திடலைப் பார்த்தார். “அத எப்படிக்கா பண்றது? அது என் கையிலயா இருக்கு?”

பொய்ச் சத்தியம் செய்யவில்லை, அந்த மட்டில் நல்லவர்தான். ஆனால் அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அதற்குள் மகள் ஓடிவந்தாள். “அம்மா, நான் கோல் போட்டேன், பாத்தீங்களா?” அந்த முகத்தைப் பார்த்து, இனி வராதே என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜெர்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை மகளுக்கு எங்கள் பள்ளியின் நீலச் சட்டையையே போட்டுவிட்டேன். நானும் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

“அக்காவும் ஆட வர்றீங்களா?” என்றார் தலைமையாசிரியர்.

“பாக்க வர்றேன் சார். போற பிள்ளைங்க எல்லாம் திரும்பி வருதான்னு.”