துக்க வீட்டுக்கு வந்த சிம்மாசனம்

அப்பா வேலை பார்த்த அரசாங்க பேக்டரியில், அப்பன் ரிடையர் ஆனால் பிள்ளைக்கு வேலை என்று ஒரு வழக்கம் இருந்தது. அதை நம்பி நான் எந்த லட்சியமும் வைத்துக்கொள்ளவில்லை. பி.காம் படித்ததுகூடப் பொழுது போகவேண்டுமே என்றுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து இளவரசர்கள் பட்டம் இழந்தோம்.

"உனக்குன்னு ஒரு குறிக்கோள் வேணாமாடா?" என்று அப்பா காலையில் கேட்பார். சாயங்காலமும் கேட்பார். கடைசியில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். போனால், கோட்டு போட்ட பேச்சாளர் வெறும் ஹாலில் தனியாக நிற்கிறார். வாடகை நாற்காலிகள் அப்போதுதான் டெம்போவில் வந்தன. நானும் கைகொடுத்து இறக்கிப் போட்டேன். பிறகு மதியச் சாப்பாடு வரை அவற்றில் ஒன்றில் தூங்கினேன். சாயங்காலம் திரும்ப அடுக்கும்போது நாற்காலிக் கடைக்காரரான சிவாஜிநகர் பாய், "அரே, நல்லா அடுக்குறியேப்பா! நாளைக்கி கடைக்கு வா," என்றார். வாழ்நாளில் நான் தேறிய ஒரே இன்டர்வியூ அது.

"சேர் தூக்கவா பி.காம் படிச்சே?" என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். வெளியே யாராவது விசாரித்தால், "பேக்டரில கூப்பிடுவாங்கன்னு வெயிட் பண்றான்," என்பார்.

அப்படியிருக்கையில் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இறந்துபோனார். அன்றைக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன் ஆர்டரும் இருந்தது. இரண்டு லோடையும் பிரித்து ஏற்றியது நான். துக்க வீட்டு வாசலில் ஷாமியானா கட்டி, டெம்போவின் தார்ப்பாயை விலக்கினால், வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே மாப்பிள்ளை பெண் உட்காரும் ஜோடிச் சிம்மாசனம். சிவப்பு வெல்வெட், தங்கக் கலர் கைப்பிடி, தலைக்கு மேல் மயில் வேறு. பேக்டரி ஆட்கள் மொத்தமும் பார்த்தார்கள். அப்பா ஷாமியானா கம்பத்துக்குப் பின்னால் போக முயன்றார். கம்பம் அவரைவிட ஒல்லி.

நான் அவசரமாக மூடப் பார்க்கையில் இறந்தவரின் மனைவி வெளியே வந்துவிட்டார்.

"அது இன்னாடா?"

"தப்பா வந்துடுச்சி ஆன்ட்டி. இதோ எடுத்துட்டுப் போயிடறேன்."

"இருடா. கீழ உக்கார முட்டி வுடமாட்டேங்குது. எறக்கு."

"ஆன்ட்டி, இது கல்யாண சேரு..."

"எங்க கல்யாணத்துல சர்ச்சு பெஞ்சுலதான் உக்கார வெச்சாங்க. ரெண்டையும் எறக்கு."

இறக்கினோம். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். இன்னொன்றைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். அதில் யாரும் உட்காரவில்லை. காலையிலிருந்து அழாதவர் அதைப் பார்த்ததும் அழுதார். சுற்றியிருந்த பெண்கள் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள்.

அதற்குள் பாய் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். "மாப்ள பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கினுகீறான்! உனக்கு அறிவு..." என்று ஆரம்பித்தவர், அந்த அம்மாளைப் பார்த்ததும் குரலை விழுங்கிக்கொண்டார். "குடோன்ல பழைய செட் ஒண்ணு கீது. மயிலுக்கு மூக்கு இல்ல, பரவால்ல. அத ரிசப்ஷனுக்கு எடுத்துக்கினு ஓடு."

வேலை தப்பித்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது: இந்த வேலை போய்விடக் கூடாது என்று நான் பயந்திருக்கிறேன். அதுவரை எது போனாலும் பயந்தவன் இல்லை நான்.

மிச்ச நாற்காலிகளை அவசரமாக வரிசையில் போட்டுவிட்டு டெம்போவில் ஏறப்போகும்போது பேக்டரிக்காரர் ஒருவர் அப்பாவிடம் கேட்டார்: "இன்னாப்பா, பையன் இன்னும் நம்ம பேக்டரிக்குத்தான் வெயிட்டிங்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். "எங்க வெயிட் பண்றான்? அவனுக்குத்தான் கையில வேல இருக்கே," என்றார். பிறகு பல மாதம் கழித்து முதல்முறையாக என்னிடம் பேசினார்: "டேய், பின்வரிசைய வெயில்ல போட்டிருக்க. போறதுக்கு முன்னாடி நிழலுக்குத் தள்ளிப் போட்டுட்டுப் போ."