இருங்க அக்காவின் பொய் நோயாளிகள்

லிஃப்ட் கதவு மூடும் நேரம் பார்த்துத்தான் அவர் செல்போனில் ‘முன்பதிவு செய்’ பொத்தானை அழுத்துவார். உள்ளே சிக்னல் செத்துப்போகும். மேல்மாடி வந்து கதவு திறந்ததும், பதிவு ஆகியிருக்கிறதா என்று திரையை உற்றுப் பார்ப்பார். முகம் சுளித்தால் மறுபடி கீழே. கூட ஏறியவர்கள், இந்த அம்மாவுக்கு எந்த மாடியில்தான் வேலை என்று முழிப்பார்கள். “இருங்க, இன்னொரு தடவை போய்ட்டு வந்துடுறேன்” என்பார், யாரும் எதுவும் கேட்காமலே.

எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் தங்கள் முறைக்கு இணையதளத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும். அந்தத் தளத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும், முதலில் நகல் ஒன்றில் மாற்றிப் பார்த்து, அதைச் சோதித்துப் பார்க்கிற இவர் தலையாட்டிய பிறகுதான் அசலுக்குப் போகும், அதாவது ‘லைவ்’ ஆகும். பொறியாளர்கள் அந்த நகலுக்கு வாயில் நுழையாத பெயர் ஏதோ வைத்திருக்கிறார்கள். இவருக்கு அது ‘பொய் சைட்டு’. எதற்கெடுத்தாலும் இருங்க, இருங்க என்பதால் நாங்கள் இவருக்கு வைத்த பெயர் இருங்க அக்கா. தளத்துக்கு வாசகம் எழுதுகிற எனக்கு அந்த ‘இருங்க’ காதில் விழுந்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு காற்புள்ளிக்காக அரைநாள் காத்திருந்தவள் நான்.

பொய் சைட்டில் நோயாளிகளும் பொய். அசலிலிருந்து நகல் எடுத்ததும் நிஜப் பெயர்களை அழித்துவிட்டு அக்கா சூட்டிய பெயர்களைப் போட வேண்டும். எல்லாருடைய போன் நம்பருக்கும் பதிலாக அக்காவின் நம்பரைப் போட வேண்டும். அந்த நோயாளிகளாக நடிப்பதும் அக்காதான். பதட்டப் பெரியப்பா ஒரே பொத்தானை இரண்டு தரம் அழுத்துவார். மறதி அத்தை பாதியில் எழுந்து போய்விட்டு, சாவகாசமாக வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சோடாபுட்டி மாமாவுக்காக அக்கா தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை மூக்கோடு ஒட்டிக்கொள்வார். “பெரியப்பா இன்னைக்கு வசமா மாட்டிக்கிட்டாரு, ஒரே ஆளு ரெண்டு நாற்காலி புடிச்சிட்டாரு” என்று சொல்லும்போது, வீட்டு மனிதருக்கு வந்த சங்கடமாகவே முகம் வாடிவிடும். பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் போகிற குறுஞ்செய்தியெல்லாம் அக்காவின் போனில்தான் வந்து விழும். உங்கள் முறை உறுதி, உங்கள் முறை ரத்து என்று நாள் முழுக்க அது முனகிக்கொண்டே இருக்கும்.

அழைத்துப்போக வந்த அவர் கணவர் ஒருநாள் எங்களிடம், “நல்லவேளை, கல்யாணத்துக்கு அப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தா. முன்னாடியே வந்திருந்தா ஒத்திகை பாத்துட்டு என்னை வேண்டாம்னிருப்பா” என்றார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இருங்க, உங்களை இன்னும் லைவ் பண்ணலை” என்றார்.

இப்படிக் கிண்டலும் எரிச்சலுமாகவே அவரைப் பார்த்துவந்த என்னை ஒரு புதன்கிழமை உலுக்கி எடுத்துவிட்டது. அன்று தளத்தின் புதிய வடிவம் லைவ் ஆக வேண்டும். மேலாளர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். காலையில் உட்கார்ந்ததுமே அக்கா பதட்டப் பெரியப்பாவின் முறையை ரத்து செய்து பார்த்தார். ‘ரத்து செய்யப்பட்டது, குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது’ என்று திரை பளிச்சென்று சொன்னது. அப்பாடா என்று நான் டீ குடிக்க எழுந்தேன். அக்கா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாயைத் திறக்கவில்லை.

“நெட்வொர்க் ஸ்லோவா இருக்கும்க்கா” என்றான் பொறியாளர் தம்பி.

“இருங்க தம்பி. அனுப்பியாச்சுன்னு சொல்லுது. எனக்கு வரலை. அப்ப யாருக்குப் போச்சு?”

ஆரம்பிச்சுட்டாங்கடா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். தம்பி போய்ப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. நகல் எடுத்த அவசரத்தில் பெயர்களை மாற்றியவன், நம்பர்களை மாற்ற மறந்திருக்கிறான். பதட்டப் பெரியப்பாவுக்குப் பின்னால் நிஜமான ஒருவரின் நம்பர் இருந்தது. அசல் தளத்தில் அந்த மனிதரின் இடம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அது ரத்து என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பொய் சைட்டிலிருந்து இனி ஒரு செய்தியும் வெளியே போகாமல் அடைக்கச் சொல்லிவிட்டு அக்கா டயாலிசிஸ் பிரிவுக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அந்த மனிதரின் பெயரைச் சொன்னதும் செவிலியர் நிமிர்ந்தார். “பூட்டு ரிப்பேர்காரரா? காய்ச்சல்னு போன தடவையே வரலை. இன்னைக்கும் விட்டாருன்னா நெஞ்சுல நீர் கோத்துக்கும். மூச்சே நின்னுடுங்க.”

அக்கா அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்த முறை வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

“ரத்துன்னு வந்துச்சேம்மா. பாதி வழியிலேயே இறங்கிட்டேன். திரும்பிப் போற பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன்.” நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

“ஏங்க, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“எதுக்குங்க? ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா சரியாத்தானே இருக்கும்?”

அந்தச் செய்தியின் வாசகம் நான் எழுதியது.

“தப்பு எங்க மேலதாங்க. நான்தான் அழுத்தினேன்” என்றார் அக்கா. “உங்க இடம் அப்படியே இருக்கு. நிக்கிற இடத்தை விட்டு நகராதீங்க, வண்டி வருது.” தம்பி மறந்த கதை அவர் வாயிலிருந்து வரவேயில்லை. தம்பி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். சத்தம் கேட்டு ஓடுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். வராத சத்தத்தைக் கேட்டு ஓடிய மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

மேலாளர் வந்து, “அப்ப லைவ் எப்போ?” என்றார்.

“அவர் வரட்டும் சார்” என்றார் அக்கா, வாசலைப் பார்த்தபடி.

வந்தார். செருப்புக்குள் அடங்காத அளவுக்குப் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தோளில் கருவிப் பை. அக்கா அதை வாங்கிக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்விட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். செவிலியர் ஊசி ஏற்றினார். குழாயில் சிவப்பு ஊர்ந்து ஏறி, இயந்திரம் சுற்றத் தொடங்கியது. வெளியே வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடக்க, அக்கா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரோடு சரிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.