மரவள்ளிக் காட்டைக் கடந்த நிழல்

எங்கள் மரவள்ளிக் காட்டின்மேல் ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு ஒரு நிழல் கடந்து போனது. சூரியனோ நிலவோ போட்ட நிழலில்லை, ஒரு நட்சத்திரம் போட்டது. பிற்பாடு செங்கல் சூளை, நூல் ஆலை, ஏலத் தோட்டம் என்று எங்கெங்கோ அலைந்துவிட்டேன். அப்படியொன்றை வேறெங்கும் கேள்விப்படவில்லை.

மலைமேல் எடப்புளி நாட்டில் உச்சிமேட்டுக் காடு எங்களுடையது. அப்பா மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போயிருந்தார். அந்த வருஷக் கிழங்கு நல்லபடியாக லாரி ஏறினால் என்னை விடுதியில் சேர்ப்பது, நான் மேலே படிப்பது என்று முடிவாகியிருந்தது. கிழங்குக்கு எமன் காட்டுப்பன்றி. இருட்டியதும் ஒவ்வொரு காட்டிலும் தீ மூட்டிக் காவல் இருப்போம். ஒரு காட்டில் தீ அணைந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து குரல் கொடுப்பார்கள். பதில் கேட்காவிட்டால் ஆள் கிளம்பி வந்துவிடும்.

அன்று சாயங்காலம் ஒரு ஜீப்பில் தொலைநோக்கியோடு இளம்பெண் ஒருத்தியும் அவளோடு ஓர் ஆளும் வந்தார்கள். கொஞ்ச நேரம் தீயும் புகையும் இல்லாமல் இருக்க முடியுமா என்று அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டாள்.

“எதுக்குங் கண்ணு?”

கடைசிக் கோளுக்கும் அப்பால் ஒரு பனிப்பாறை சூரியனைச் சுற்றி வருகிறதாம். பெயர்கூட வைக்கவில்லை, எண்தான். இன்று அது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும். அந்த நிழல் நம் மலைமேல் விழும். நட்சத்திரம் எவ்வளவு நேரம் மறைகிறதோ அதை வைத்துப் பாறை எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ளலாம்.

“ஒரு சுத்து சுத்தி வர எத்தன நாளாவும்?” என்றாள் அம்மா.

“முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆகும்மா.”

அம்மா காட்டைப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து, தீயின்மேல் மண்ணை அள்ளிப் போட்டாள்.

தொலைநோக்கியில் எங்களையும் பார்க்கவிட்டார்கள். கேழ்வரகு மணி போல ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நான் உடனே விலகிவிட்டேன். அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

கீழ்க்காட்டிலிருந்து மாமாவின் குரல் வந்தது. அம்மா பதில் சொன்னாள், காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. சற்று நேரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் மேலே ஏறத் தொடங்கியது. தொலைநோக்கி அருகில் இருந்த ஆள், வெளிச்சம் பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று பதறினார்.

“ஓடு சாமி, மாமன நிறுத்து” என்றாள் அம்மா.

பாதி வழியில் மாமாவைப் பிடித்தேன்.

“தீய அணச்சுப்போட்டு பன்னிக்கு விருந்தா வெக்கறா உங்கம்மா?”

பேச மூச்சு வரவில்லை. டார்ச்சின் முகத்தை இரண்டு கையாலும் பொத்தினேன். விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. விஷயத்தைச் சொன்னதும் மாமா டார்ச்சை அணைத்தார்.

மேலே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: “போச்சு.” நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “வந்துருச்சு.”

அண்ணாந்து பார்த்தேன். வானம் முழுக்க நட்சத்திரங்கள். எது போய் எது வந்தது என்று தெரியவில்லை.

“இப்ப நம்ம மேலயா போச்சு?” மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலில்தான் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் மேற்கு ஓரத்தில் உறுமல் கேட்டது. மாமா டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு கூட்டமே இறங்கியிருந்தது. தீயை மறுபடி மூட்டித் தகரம் தட்டி விரட்டுவதற்குள் கிழங்கில் பெரும்பகுதி போய்விட்டது. வந்தவர்களோ நிழல் கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பக்கமே பார்க்காமல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

நான் விடுதிக்குப் போகவில்லை. அடுத்த மாதமே நானும் அம்மாவும் கீழ்நாட்டில் சூளை வேலைக்குச் சேர்ந்தோம்.

பன்றி இறங்கியதற்கு மறுநாள் காலையில் மாமா காட்டு ஓரத்தில் நின்று அம்மாவிடம் கத்தித் தீர்த்தார். அம்மா கிளறிப்போட்ட மண்ணுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மண்ணைப் பார்க்கவில்லை. வெயில் ஏறிய, ஒன்றுமே தெரியாத வானத்தைக் கண்ணுக்குமேல் கைவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியைத் திட்டுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.