'தாய் பெயர்' பெட்டியில் வனஜா அக்கா

என்னோடு வேலை செய்த வனஜா அக்கா இறந்த செய்தி வந்தபோது, சின்னசேலம் ஸ்டேஷன் ரோட்டில் உள்ள எங்கள் பிரவுசிங் சென்டரில் அவருக்குப் பிடிக்காத ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அவர் பார்க்குமுன் பிரவுசரின் புதுப் பதிப்பை என் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் கணவர் போனில், "காலைல மாரு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போய்ட்டா தம்பி" என்றார்.

எங்களிடம் விண்ணப்பம் போட வந்த உங்களில் பலருக்கு அக்காவின் பழக்கம் தெரியும். ஒரு கணினியில் பிரவுசரின் பழைய பதிப்பு, பக்கத்துக் கணினியில் புதுசு. இரண்டிலும் ஒரே விண்ணப்பத்தை நிரப்பி, எது முதலில் மூச்சடைத்து நிற்கிறது என்று பார்ப்பார். புதுசுதான் வேகம் என்று நான் வாதாடுவேன். "பாதில வுட்டுட்டுப் போறது எவ்ளோ வேகமா இருந்தா இன்னாடா?" என்பார். அப்படிச் சொன்னவரே பாதியில் போனதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சோதனைக்குக்கூட வேறொருவர் பெயரை எழுத மாட்டார். "அடுத்தவங்க பேர வெச்சி வெளாடக் கூடாது." 'தாய் பெயர்' என்ற பெட்டியில் எப்போதும் தன் பெயரையே அடிப்பார். அவருக்குப் பிள்ளை இல்லை. நான் எதுவும் கேட்டதில்லை.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள், கரியாலூரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். அவளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. என் புதுப் பதிப்பு, போட்டோ ஏற்றும் பக்கம் வந்ததும் வெளுத்துப்போய் நின்றது. மூன்று முறையும் அதே கதி. நாலு மணிக்கு, அதுவரை யாரும் தொடாத அக்காவின் கணினியைப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று பழைய பதிப்பு கேட்டது. சரி என்றதும் அவர் திறந்து வைத்திருந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வந்தது ஒரு சோதனை விண்ணப்பம். தாய் பெயரில் 'வன' என்பதோடு நின்று, பக்கத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

பெண்ணின் விண்ணப்பம் அதில் தடங்கலின்றி ஓடியது. அனுப்பப் போகும்போது அவள் திரையைப் பார்த்து, "அண்ணா, எங்கம்மா பேரு வனஜா இல்லீங்க. சின்னப்பொண்ணு" என்றாள். நான் சின்னப்பொண்ணு என்றுதான் அடித்திருந்தேன். அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். பக்கம் திரும்பியதும் வனஜா. அடுத்த முறையும் வனஜா.

"யாருங்க அது?" என்றார் அப்பா.

"எங்க அக்கா. இங்கதான் வேல செஞ்சாங்க. இந்த மாசம் தவறிட்டாங்க."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "எங்க புள்ளைக்கும் அம்மா இல்ல. அது தெரிஞ்சி வந்துக்கினு இருக்காங்க போல."

பழைய பதிப்பின் குணம் எனக்குத் தெரியாததல்ல. தடுமாறாது, ஆனால் ஒரு பெட்டியில் அடித்ததை ஞாபகம் வைத்துத் தானாகக் கொட்டும். புதுசில் இந்தத் தொல்லை இல்லை. தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் அக்காதான் என்று எனக்குத் தோன்றியது. தப்பான பெயரோடு போனால் அந்தப் பெண்ணின் ஒரு வருடம் போய்விடும். பிரவுசரின் ஞாபகம் முழுவதையும் அழித்தால்தான் நிற்கும். மணி நாலே முக்கால்.

"வுட்டுடுக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். அதன்பின் மறுபடி அடித்த சின்னப்பொண்ணு அசையவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சோதனைப் பழக்கத்தைத்தான். இரண்டு பதிப்பு, ஒரே விண்ணப்பம், என் சொந்தப் பெயர். ஒருநாள் அந்தப் பெயரும் யாருடைய விண்ணப்பத்திலாவது போய் நிற்கும். அன்று அந்த நாற்காலியில் இருப்பவர் தயங்காமல் என்னை அழித்துவிடட்டும். பிள்ளைக்கு நேரமாகிறது.